கார் கிளப்பும் மூச்சு

சஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஸ்கேன் மேசையில் குப்புறக் கிடக்கிறார் ஹ்ரைச்சுக்.
கோதுமை எலிவேட்டரில் நாற்பது வருடம் தூசு தின்ற நுரையீரல்.
வலப்பக்கம், கீழ்மடலில், ஒன்பது மில்லிமீற்றர்:
ஒரு சுண்டல் கடலை.
முதுகில் நான் ஒட்டிய கம்பிக் கட்டத்தில்
நாலாம் கோட்டருகே பேனாப் புள்ளி.

டொக்டர் ஆர்மிஸ்டன் என்றால் கதவு.
ஊசியைக் கொஞ்சம் தள்ளுவார், வெளியே வருவார்,
ஈயக் கதவு மூடும், நான் பொத்தானை அழுத்துவேன்.
மூன்று படம். பார்ப்பார். திரும்ப உள்ளே.
போன செவ்வாய் பதினொரு தடவை எண்ணினேன்.
அவர் மார்பு வில்லையில் வருடக் கடைசியிலும் பூச்சியம்.

தர்மகுலம் என்றால் கால்.
ஈய அங்கியோடு பக்கத்திலேயே நின்று
பெடலை மிதிப்பார், விடுவார், மிதிப்பார்,
தையல் மெசினில் விளிம்பு திருப்புகிறவர் மாதிரி.
ஊசியை நீளக் கிடுக்கி பிடித்திருக்கும்,
விரல் கதிருக்கு வெளியே.
பதினான்கு விநாடி. முடிந்தது.
நோயாளிக்கு நேரம் மிச்சம்.
அவர் கையில் என்ன மிச்சமென்று வில்லைக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒன்றும் வந்தது, நவம்பரில்.
கூரையிலிருந்து சிவப்புக் கோடு விழுத்தும் கருவி.
விற்க வந்தவர் வத்தகப்பழத்தில் குத்திக் காட்டினார்.
ஒரே குத்து, குறித்த விதை.
எல்லாரும் கைதட்டினோம்.
வத்தகப்பழம் மூச்சு விடுவதில்லை.

ஹ்ரைச்சுக் விடுகிறார்.
அவர் ஆழ இழுத்தால்
இரண்டு சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிடும் கடலை.
ஊசி இடங்கொடுத்தால்தான் நூல் நுழையுமாம்;
இங்கே விலா இடங்கொடுக்க
ஊசி காத்துக் கிடக்கிறது.

இன்று ஆர்மிஸ்டன். ஐந்து கதவு.
ஆறாவதில் கடலையைக் காணோம்.
ஊசி இருக்கிறது, போகவேண்டிய கோணம் இருக்கிறது,
முனைக்கு முன்னால் வெறும் கறுப்புக் காற்று.

"மூச்சை எப்படிப் பிடித்தீர்கள்?" ஒலிவாங்கியில் கேட்டேன்.
"பெரிதாக," என்றார். "உங்களுக்கு உதவியாக இருக்கட்டுமென்று."

பெரிது வேண்டாம், ஹ்ரைச்சுக்.
காலையில் காரைக் கிளப்பும்போது
குளிருக்குப் பயந்து அரைவாசி இழுப்பீர்களே,
அதில் நில்லுங்கள்.

அவர் சிரித்தது முதுகில் தெரிந்தது; ஊசியும் ஆடியது.
பிறகு ஆடவில்லை.
பொத்தான். மூன்று படம்.
நடுப்படத்தில் கடலை,
அதன் ஓரத்தைத் தொட்டபடி வெள்ளை முனை.

முடிவு வர வியாழன் ஆகும்.
படிவத்தை நிரப்பினேன்.
முறை: படிப்படி. தடவை: ஏழு. கதிரளவு, நேரம்,
ஊசியின் பருமன், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
மூச்சுக்கு இல்லை.
ஓரத்தில், சாய்வாக, எழுதி வைத்தேன்:
காரைக் கிளப்பும் அளவு.