சென்ற ஆண்டு நின்ற இடம்

சாலை இங்கே முடியவில்லை,
அறுந்திருக்கிறது.
நடுவில் போட்ட வெள்ளைக்கோடு
விளிம்புவரை வந்து
அதற்கப்பால் காற்றில் போகிறது.
கவுன்சில் வைத்த சிவப்புத் தடுப்பு
போன மாதமே கீழே விழுந்துவிட்டது.
புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள்,
பத்தடி உள்ளே தள்ளி,
கொஞ்சம் நம்பிக்கையோடு.

யார்க்‌ஷயரின் கிழக்கோரம்.
ஜனவரி, இரண்டாம் சனிக்கிழமை, மணி இரண்டே கால்.
நாலு மணிக்கெல்லாம் இருட்டு வந்து உட்கார்ந்துவிடும்.
பனி உறைந்த சால்களில்
எங்கள் பூட்ஸ் அடிக்கு அடி அப்பளம் நொறுக்குகிறது.
கேமராவின் பேட்டரியை அக்குளில் இடுக்கியிருக்கிறேன்,
அடைகாக்கிறவள் மாதிரி.
வெளியே எடுத்தால் பத்தே படத்தில் செத்துவிடும்.
நோரிஸ் முக்காலியைத் தோளில் சாய்த்து
மண்வெட்டிபோல் சுமந்து வருகிறார்.
வயல் அவருடையது.
அதாவது, மிச்சம் அவருடையது.

முதல் படம் தற்செயல்.
புதுக் கேமராவைச் சோதிக்க
எதையோ எடுத்தேன்:
எட்னா ப்ரீஸ்ட்மனின் செங்கல் வீடு,
கொடியில் விறைத்துத் தொங்கிய
அவள் கணவரின் உள்சட்டைகள் ஏழு,
பின்னால் ஒரு கோடாகக் கடல்.
மறு ஆண்டு அதே இடத்தில் நின்றேன்.
கோடு சற்றுத் தடித்திருந்தது.
பிறகு கொடிக்கம்பம் இல்லை.
பிறகு பாதிச் சமையலறை இல்லை.
பூப்போட்ட சுவர்க்காகிதம் வெளியே தெரிய
மீதிப் பாதி கூசி நின்றது.
எட்னா மகள் வீட்டுக்குப் போனாள்.
போகும்போது
வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.

கடல்கோள் என்றால்
ஓர் இரவில் எழும் பேரலை என்று நினைத்திருந்தேன்.
இது கொள்ளுவதில்லை. கொறிக்கிறது.
யாரும் விழித்திருக்காத நேரத்தில்
ரொட்டியின் ஓரத்தை எலி கொறிப்பதுபோல.
தின்றபின் வாய் துடைக்காத கடல்,
கரையிலிருந்து ஒரு மைலுக்கு
பால் விட்ட தேநீரின் நிறம்.

இருபத்து மூன்றாவது ஜனவரி இது.
போன ஆண்டின் பிரதியைக் கை நீட்டிப் பிடித்து
காட்சியோடு பொருத்திப் பார்த்தேன்.
டெலிபோன் கம்பம் சரி.
தூரத்துத் தேவாலயக் கோபுரம் சரி.
நான்தான் சரியில்லை.
அன்றைக்கு முக்காலி கால் ஊன்றிய இடம்
விளிம்பைத் தாண்டி ஆறடியில் இருந்தது,
அலைக்கு மேல் நாற்பதடியில்,
வெறும் காற்றாக.

அங்கே ஒரு ஃபுல்மார் நின்றது.
சாம்பல் முதுகுக் கடற்பறவை.
சரிவில் மோதி மேலேறும் காற்றில் சாய்ந்து,
இறகு அசையாமல்,
போன ஜனவரியில் என் கண் இருந்த உயரத்தில்.
நான் நின்ற இடத்திலிருந்து
எங்கள் இருவரையும் பார்த்தது,
படமெடுக்கத் தகுமா என்று யோசிப்பதுபோல.

"முக்காலி இல்லாமலே ஆடாம நிக்குது பாரு,"
என்றார் நோரிஸ்.

பேட்டரி விரலில் இரண்டு முறை நழுவியது.
ஒரே ஒரு படம்.
அதிலும் பறவை ஓரத்தில்,
ஒரு சிறகு சட்டத்துக்கு வெளியே.

திரும்பி நடக்கையில்தான் கவனித்தேன்,
அக்டோபரில் அவர் விதைத்த அவரை
விளிம்புவரை முளைத்திருக்கிறது,
ஒரு சால் குறையாமல்.
கடைசி நாலு வரிசை
அறுவடைவரை இருக்காது.
தெரிந்தும் ஏன் என்று கேட்டேன்.
மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டார்.
"விதை மிச்சம் இருந்தது."

பிளாஸ்க்கில் தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.
வடக்கே போகும் வாத்துகள் தலைக்கு மேல்
எதையோ சச்சரவிட்டுக்கொண்டு சென்றன.

படத்தின் பின்புறம் எத்தனை அடி போயிற்று என்று
நான் எழுதுவதில்லை.
கவுன்சிலில் அதற்கு ஆள் இருக்கிறது, சம்பளத்தோடு.
நான் எழுதுவது இவ்வளவுதான்:
மேற்குக் காற்று. வெயில் உண்டு.
நோரிஸுக்குப் புதுத் தொப்பி, பச்சை,
அவருக்குப் பொருந்தவில்லை.