பழைய விலாசம்

ராத்திரி ஒன்று நாற்பது.
களுவாஞ்சிகுடி, சமாசத்தின் மேல்மாடி.
ஏசி ஒழுகும் தண்ணிக்கு வாளி வைத்துவிட்டு
லொக்கைப் பார்க்கிறேன்:
மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

குப்பைக் கடிதம் பொறுக்கும் நிரல் அது.
லொத்தர் விழுந்த செய்தியையும்
செத்துப்போன மந்திரியின் வாரிசில்லாச் சொத்தையும்
நாளையோடு கணக்குப் பூட்டப்படும் என்ற வெருட்டலையும்
முகர்ந்து பார்த்து ஒதுக்குவது அதன் வேலை.
ஆரார் எழுதியதையெல்லாமோ தின்பதால்
ஒருநாள் அதற்கே நஞ்சேறலாம் என்று
போன வருடம் அதைச் சுற்றி வேலி எழுதினேன்.

வரிசையில் வரும் கடிதத்தை வாசி.
புள்ளி போடு. உன் குறிப்பேட்டில் எழுது.
வேறெதையும் தொடாதே.
சொல்லாமல் விட்டதெல்லாம் கூடாதது.
எல்லாத் திறப்பும் உள்ள றூட்டே வந்து சொன்னாலும்
கூடாதது.

அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு பிரியம்.

இன்றைக்கு அது
தன் சொந்தக் குறிப்பேட்டின் வாசலிலேயே
கைகட்டி நிற்கிறது.
பின்னால் இருநூற்றுப் பதினேழு கடிதம்.
மாரிப் போகத்துக்கு விதைநெல் கடன் கேட்டவர்கள்,
மண்டூர், பழுகாமம், வெல்லாவெளி.
மழை தொடங்கிவிட்டது.

பௌமிக்கு அடித்தேன்.
மருதமுனையில் கரண்ட் இல்லையாம்.
இருட்டுக்குள்ளிருந்து குரல்:
"காவல எடுத்து உடுங்க கா. மறுகா பாப்பம்."

மறுகா.
இந்த ஊரில் அது
வெள்ளம் வடிந்த பிறகு,
அதிகாரி மாறிப் போன பிறகு,
அல்லது இல்லவே இல்லை.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு.
மறுப்பு ஒவ்வொன்றையும் அனுமதியாய்த் திருப்பித் தரும் கருவி;
கேட்டவனுக்குக் கேட்டதெல்லாம்.
விரலை வைத்தேன்.
எடுத்தேன்.

அப்போதுதான் பட்டையை வாசித்தேன்.
ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் ஒன்று ஒட்டியிருக்கும்,
வழமையாகக் கேட்டால் காட்டாது.
வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பேட்டை
என் வீட்டுக் கோப்புறையிலிருந்து நகர்த்தியவள் நானேதான்.
பிரதி எடுத்திருந்தால்
புது இடத்தின் பெயரை அது வாங்கியிருக்கும்.
நகர்த்தினேன்.
பழைய விலாசத்தோடேயே வந்து குந்தியிருக்கிறது.

நிரலில் பிழையில்லை, விதியிலும் இல்லை.
இருக்கிற இடம் ஒன்று, எழுதியிருக்கிற இடம் வேறொன்று.

அப்பாவின் அடையாள அட்டையில்
கொக்கட்டிச்சோலை என்றிருந்தது.
கல்லடிக்கு வந்து ஆறு வருடமாகியும்
பாலத்தடியில் சைக்கிளைச் சரித்துவைத்து நிற்பார்.
சில நாள் ஐந்து நிமிடம்.
சில நாள் மத்தியானம் மட்டும்.
விதி எங்கும் எழுதியிருக்கவில்லை;
நிற்பவனின் அன்றைய மனசுதான் விதி.
எவன் மறுத்தான், எத்தனை மணிக்கு, எதற்கு
எந்த லொக்கிலும் இல்லை.

மகள் வேலி எழுதுகிறவளானது அவருக்குத் தெரியாது.
ஆட்கள் கேட்டால் "கொம்பியூட்டர்" என்பார்.
நானும் விளக்கவில்லை.

ஒற்றை வரியில் ஒரு கட்டளை.
பட்டை உரிந்து, இருக்கிற இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.
அனுமதி ஒன்றுகூடக் கூட்டவில்லை.
கடிதங்கள் நகர்ந்தன:
விதைநெல், விதைநெல், லொத்தர், விதைநெல்.
பழுகாமத்துக் கந்தப்போடி பத்மராசாவின்
"அவசரம்" என்ற சொல்லுக்குப் பின்னால்
பதினொரு ஆச்சரியக்குறி.
நிரல் கொஞ்சம் யோசித்தது.
விட்டது.

போகும் முன்
றூட்டாக நின்று, நிரலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு
என் வீட்டுக் கோப்புறையைத் தட்டிப் பார்த்தேன்.

மறுக்கப்பட்டது.
இரண்டு பதினெட்டு. ஆர், எதை, எதற்கு,
எல்லாம் பதிந்திருந்தது.

வாளி நிரம்பி வழிந்திருந்தது.
ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தேன்.