ஓர் எண் கூடுதலாக

ஜெட்பரோவில் மழை நாளில்
கடைக்குள் முதலில் வருவது நாய்கள்.
பிறகு சேறு.
பிறகுதான் மனிதர்கள்.

மூரியல் டெல்ஃபர் வந்தபோது
ஜனவரியில் ஆறு நாள் பாக்கி.
வேட்டைப் பருவம் முடிய
இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை.
இரண்டு ஸ்பானியல்கள், நனைந்த தொப்பி,
கையில் ஒற்றை பூட்ஸ்.
வலது.

ஜோடி எங்கே என்று கேட்கவில்லை.
பதினோரு வருடமாகப் பிறர் கால்மாட்டில் மண்டியிட்டுச்
சம்பளம் வாங்குகிறேன்,
கேட்காமலிருக்கத் தெரியும்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
நான் விற்றதுதான், நான்கு வருடம் முன்பு.
குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது,
சரிவில் குறுக்கே நடப்பவள்.
முள்கம்பி இழுத்த கோடு ஒன்று.
கணுக்கால் மடிப்பில் ஒரு வெடிப்பு?
இல்லை.
இன்னும் நாலு வருடம் கண்ணை மூடிக்கொண்டு உழைக்கும்.

நிறம் பார்த்து எடுப்பவர்கள்
யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்,
ஞாயிறு மாலை ரயிலேறிவிடுவார்கள்.
மூரியல் மடக்கிப் பார்த்தாள்.
மடித்த இடம் வெளுத்தால் பிளாஸ்டிக்,
இரண்டாம் குளிரில் காலை வாரிவிடும்.
வெளுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.
பஞ்சர் ஒட்டும் கடை வாசனை.
தலையசைத்தாள்.

"நியோப்ரீன் உள்பட்டை வைத்ததும் இருக்கிறது,
கதகதப்பாக இருக்கும்" என்றேன்.
"ஒரு தடவை உள்ளே தண்ணீர் போனால்
வியாழன் வரை காயாது.
எனக்கு வெள்ளியும் வேலை."

நூற்றைம்பது பவுண்டு ஜோடியை இறக்கினேன்.
ஆறாம் எண். போட்டாள்.
கெண்டைக்காலில் வார் இழுத்துப் பூட்டினேன்.
அளவெடுத்துத் தைத்தது போல.
எனக்கே பெருமையாக இருந்தது.

"ஏழு கொடு" என்றாள்.

ஏழில் அவள் குதிகாலுக்குப் பின்னால்
என் இரண்டு விரல் தாராளமாகப் போனது.
"நடக்கும்போது தூக்கும். உராயும்.
மத்தியானத்துக்குள் கொப்புளம்."
"ஆமாம்" என்றாள். "ஏழு."

பில் போடும்போதுதான் சொன்னாள்,
மழையைப் பற்றிச் சொல்வது போல.
பிளாக்ரிக் சதுப்பு.
சுட்ட காட்டுக்கோழி நாணலுக்கு அப்பால் விழுந்தது.
இளைய நாய் போக மறுத்தது.
நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, பார்.
இடது கால் தொடைவரை.
துப்பாக்கிக்காரர்கள் அடுத்த மேட்டுக்குப் போய்விட்டார்கள்,
கொம்பு ஊதியது, இரண்டு தடவை.
கத்தினால் காற்று அந்தப் பக்கம் வீசவில்லை.
இழுக்க இழுக்க அது இறுக்கிப் பிடித்தது.
சதுப்பைச் சொல்லவில்லை,
உன் பூட்ஸைச் சொல்கிறேன்.
நாற்பது நிமிடம்.
கத்தியால் வாரை அறுத்து
காலை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன்.
காலுறையும் போயிற்று.
ஒரு மைல், அறுவடைத் தாளின் மேல், ஒற்றை வெறுங்கால்.

"கோழி?"
"அதை விடுவேனா?"

நீடித்து உழைக்கும் என்று சொல்லித்தான் விற்றேன்.
பொய்யில்லை.
அங்கே கீழே, கறுப்புத் தண்ணீரில்,
என் பேரன் பேத்திகள் காலத்திலும்
கெடாமல் நிற்கும் அந்த இடது.

போகுமுன் கத்தரிக்கோல் கேட்டாள்.
புது ஜோடியின் வார்ப்பட்டைகளை
இரண்டு பக்கமும் நறுக்கி
என் மேஜைமேல் வைத்தாள்.
உத்தரவாத அட்டையையும் பக்கத்தில் வைத்தாள்.
வலது பூட்ஸை எடுத்துப்போக மறந்தாள்,
அல்லது மறக்கவில்லை.
மூத்த நாய் அதற்குள் தலைவிட்டு
எதையோ தேடிக்கொண்டிருந்தது.
விசிலடித்ததும் ஓடியது.

அடுத்தவர் உட்கார்ந்து கால் நீட்டினார்.
எடின்பரோக்காரர், புது மேலங்கி.
கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தேன்.
"சரியாக இருக்கிறதா?" என்றார்.

எதற்கு,
என்று கேட்க வாயெடுத்தேன்.