ஒரு கோடு

ஓய்வுபெறும் அதிகாரிகளுக்கு
விழாவில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தருவது
பணியாளர் பிரிவில் என் மேசையின் வேலை.
ஒரே பக்கம். மீறினால்
முன்வரிசை விருந்தினர் கடிகாரம் பார்ப்பார்கள்.

துணைத் தலைமை இயக்குநர் லியாவ் ஷுன்-பெய்.
குடியரசு ஆண்டு எழுபதில் சேர்ந்தபோது
மார்பில் ஒரு கோடு, இரண்டு நட்சத்திரம்.
இன்று மூன்று கோடு, மூன்று நட்சத்திரம்.
நடுவில் நாற்பத்தொரு வருஷம்,
நான்கு கோப்புகள், ஒன்றில் கரப்பான் முட்டை.

கீலுங் துறைமுகத்தில் முதல் பணி.
அங்கே மழை நிற்பதில்லை.
பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்துக்கொண்டு ரோந்து போனாராம்.
பிறகு யுன்லின்:
பன்றிப் பண்ணைச் சாணித்தொட்டிக்கு அடியில்
பதினேழு துப்பாக்கிகள்.
பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும்
ஊதுபத்தி ஏற்றுவது அதே குவான் கோங் சாமிக்குத்தான்;
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
பிறகு ஹுவாலியென், புயல்,
சேற்றில் பதினொரு நாள்.
பிறகு தைபே. குளிர்பதன அறை.

கண்டனம்: ஒன்று.
சந்துச் சுவரிலிருந்த ரோந்துப் பெட்டியில்
இரவு மூன்று மணிக் கையெழுத்து இல்லை.
என்ன ஆச்சு சார் என்றேன்.
"தூங்கிவிட்டேன். அதைச் சேருங்கள், சிரிப்பார்கள்."

பெரும் பாராட்டு: ஒன்று. ஆண்டு எழுபத்திரண்டு.
அந்த வரியில் விரலை வைத்தார்.
எடுக்கவில்லை.

ராணுவச் சட்டக் காலம்.
வீடு வீடாக ஆள் கணக்கெடுப்பு.
வலைக்கடைக்கு மேலே மாடியறையில் ஒரு மாணவன்,
வாரம் இருமுறை ஐந்து பேர் வருகை,
படிக்கட்டில் அச்சு மை வாசனை.
இருபத்தாறு வயதுக்காரர் எழுதினார்,
அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மாணவனின் குடும்பப் பெயர் வூ. காகம் என்று பொருள்.
எங்கள் எழுத்தில் காகத்துக்கும் பறவைக்கும்
வித்தியாசம் ஒரே கோடு.
பறவைக்கு அது கண்.
காகம் கருப்பு, கண் தெரியாது,
அதனால் கோட்டை விட்டுவிட்டார்கள் என்பார்கள்.
அவர் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்.

மாணவனின் அம்மா மூன்று அலுவலகம் ஏறினாள்.
பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்கள்,
இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை.
பொய் சொல்லவில்லை.
எழுபத்தொரு நாள் யாரும் பொய் சொல்லவில்லை.
உள்ளே ஒரு பறவை இருந்தது,
வெளியே ஒருத்தி காகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்போது திருத்த முடியுமா?"
படிவம் இருக்கிறது சார், எழுத்துப்பிழைத் திருத்தம்.
விண்ணப்பிக்க வேண்டியவர்
பெயருக்கு உரியவர்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் ஏசி மோட்டார் மட்டும்தான்.

அன்றிரவு பக்கத்தை மூன்று முறை எழுதினேன்.
பாராட்டைச் சேர்த்தால் கைதட்டுவார்கள்.
இடம் போதவில்லை என்று விட்டால்
அவர் சுத்தமாக வீட்டுக்குப் போவார்.
இரண்டையும் கசக்கிப் போட்டேன்.

விழாவில் வாசித்தவர் நல்ல குரல்காரர்.
யுன்லின், ஹுவாலியென், துப்பாக்கி, சேறு.
"ஒருமுறை ரோந்தில் தூங்கிவிட்டார்."
சிரிப்பு.
அடுத்த வரியும் அதே குரலில்:
"எழுபத்திரண்டில் ஒரு பெயரைத் தவறாக எழுதினார்."
அதே சிரிப்பு,
கொஞ்சம் கூடுதலாகவே.

லியாவ் எழுந்து நின்றார்.
யாரும் எழச் சொல்லவில்லை,
நிகழ்ச்சி நிரலில் அவர் முறை ஏழாவது.
பூங்கொத்து வைத்திருந்த பெண்
இப்போது கொடுப்பதா, பிறகா என்று
என்னைப் பார்த்தாள்.