இடையின ர

செக்ரோலில் மூன்றே குறிகள்.
நேர்க்கோடு: வந்தான்.
பாதிக் கோடு: பாதி நாள்.
சுழி: வரவில்லை.
லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதற்கு
துரை குறி எதுவும் சொல்லித் தரவில்லை.

நாற்பத்தொன்பது, ஐப்பசி.
மண்டாய்த் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில்
முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள்.
பட்டை ஈரமா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக்
கங்காணி வெட்டுக்கு அனுப்பினார்.
ஏழு மணிக்கு மாத்தாக்கள்.
ரயில் பாதைப் பக்கம் ஒரு லாரி,
நீ சூன் பக்கம் இரண்டு.

லயத்துப் பெண்களைக் கல்லில் உட்காரச் சொன்னார்கள்.
அரிசியைக் கொட்டிக் காலால் பரப்பினார்கள்.
மாரியம்மன் படத்தின் பின்னட்டையைக் கிழித்தார்கள்,
உள்ளே இன்னொரு அட்டைதான் இருந்தது.
ஏன் என்று கேட்ட அழகிரியின் காதில்
துப்பாக்கிக் கட்டை இறங்கியது.
சாகும்வரை அவனிடம்
இடது பக்கம் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

பட்டியல் என் கையெழுத்து.

சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் யார் யார் என்று
முந்தின வாரம் ஸ்டோர் அறையில்
நாற்காலி போட்டுக் கேட்டார்கள்.
சிகரெட் நீட்டினார்கள். பழக்கமில்லை என்றேன்.
வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.
பதினோரு பேர். இங்கிலீஷில் எழுதினேன்,
சாய்வு பிசகாமல், அடித்தல் இல்லாமல்.

மாறன் என்று ஒருவன்.
பழனிவேலு என்ற பேரை மாற்றி
மாறன் ஆனவன். வல்லின ற.
கள்ளுக்கடை வாசலில் பெட்டிமேல் ஏறிக்
கூலியைப் பற்றிப் பேசியவன்.
அவன் பேருக்கு நேரே
மூன்று வாரமாகச் சுழி. ஜொகூருக்குப் போய்விட்டான் என்றார்கள்.

மாரன் என்று ஒருவன்.
நம்பர் நாற்பத்தேழு, மாரியாயி மகன். இடையின ர.
சந்தா என்று அவன் தந்தது ஒரு வெள்ளி,
யாரோ செத்த வீட்டுக்கு என்று நினைத்து.

இங்கிலீஷில் இரண்டு பேருக்கும்
அதே ஐந்து எழுத்து.

"இவன்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
விரலிடுக்கில் பால் காய்ந்து ஒட்டியபடி
அவன் நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்,
கிராணி ஐயாவுக்குத் தெரியுமே என்கிற சிரிப்பு.
தமிழில் ஓர் எழுத்து வித்தியாசம், சார்
என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இருந்தது.
யெஸ் சார் என்றேன்.

நாற்பது மரம் வெட்டியிருந்தான்.
கூலி முழுக்கப் போய்விடக் கூடாதே என்று
பாதிக் கோடு போட்டேன்.
அந்த மாதம் நான் அவனுக்குச் செய்த நல்லது அது.
நாற்பது மங்கிலும் பால் ததும்பி வழிந்து
மறுநாள் ஒட்டுப்பாலாய்த் தரையில் கிடந்தது.
நாற்பத்தோராவது மரத்தில்
வெட்டு பாதியில் நின்றிருந்தது.
கார்த்திகையில் நாற்பத்தேழாம் நம்பரை வாங்கிய பையன்
இது யார் வெட்டு என்று கேட்டான்.
பட்டை மூடிக்கொள்ளும், அடுத்த மரத்துக்குப் போ என்றேன்.

வழக்கு இல்லை, அதனால் விசாரணையும் இல்லை.
செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒன்றரை வருஷம்.
பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.
சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டார் என்றது கடிதம்.
நான்தான் படித்துக் காட்டினேன்.
அவன் பிறந்தது செம்பவாங் லயத்தில்,
கடலைப் பார்த்ததே
அந்தத் தீவுக்குப் போகும் படகில்தான் என்றாள் பூவாயி.

அதற்கு முன்னால் ஒருநாள் அவள்
ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.
அரைமாதக் கூலிக்கு அவன் கைநாட்டு வேண்டும் என்றேன்.
தலையாட்டினாள். கூலிக்கு வரவில்லையாம்.
தீவுக்கு மனுப் போட வேண்டும்,
அவர் பேரை மட்டும் எழுதிக் கொடுங்கள்,
தமிழிலேயே.

மா எழுதினேன்.
பேனா நின்ற இடத்தில் மை பரவியது.
பிறகு மற்றதை எழுதினேன்.

காகிதத்தை வெளிச்சத்தில் தலைகீழாய்ப் பிடித்து
"சரியாத்தானே எழுதியிருக்கீங்க?" என்றாள்.

வாங்கி, நேராகத் திருப்பி,
மறுபடி அவள் கையில் வைத்தேன்.