பதினேழாம் கட்டில்

டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது.
காலில் அடிக்க வேண்டும்.
வெடிப்பைப் பார்த்தே தெரிந்துவிடும்,
நேற்று ரயிலில் இறங்கியவரா
போன மாசியில் விட்டுவிட்டுப் போகப்பட்டவரா என்று.
பிறகு நாலடி தள்ளி உட்கார்ந்து இரும வேண்டும்.
நான் அப்படித்தான் எழுப்புவேன்.

வாடை திரும்பிய முதல் ராத்திரி.
அக்னி தீர்த்தக் கரையில்
யாத்திரைக்காரர்கள் விட்டுப்போன ஈரத் துணிகளுக்கு நடுவே
இரண்டு பேர், ஒரே தார்ப்பாய்.
காயாம்பு. பூமயில்.
ஊர் கேட்டால் அவர் திருவாடானைப் பக்கம் என்கிறார்,
அவள் "இப்ப இங்கதான்" என்கிறாள்.
உப்பளத்துக் கொட்டகையைப் பூட்டிவிட்டார்களாம்.
சாவி கேட்கப் போன இடத்தில் கால் ஒடிந்ததாம்.
எப்படி என்று அவர் சொல்லவில்லை.
நான் எழுதவுமில்லை.

எங்கள் விடுதியில் பெண்கள் பக்கம் ஒரு இடம் இருந்தது.
ஆண்கள் பக்கம் நிறைவு.
ராமநாதபுரத்துக்குப் போன் போட்டேன்.
"ஆதார் இருக்கா?"
மண்டபத்துக்கு.
"தானா எந்திரிச்சு பாத்ரூம் போவாரா?"
பரமக்குடியில் நாலாவது மணிக்கு எடுத்தார்கள், தூக்கக் குரலில்:
"ஜோடியாவா? ஜோடிக்கு எங்கயும் கிடையாதுங்க மேடம்."

பூமயிலுக்கு அது கேட்டுவிட்டது.
"அவரக் கூட்டிட்டுப் போங்க, நான் இருந்துக்கிறேன்."
"இவளக் கூட்டிட்டுப் போங்க."
இந்தச் சண்டை எனக்குப் பழக்கம்.
விடியும்வரை நடக்கும்,
யாரும் ஜெயிக்க மாட்டார்கள்.

நிறைவு என்று நான் சொன்னது பொய்.
பதினேழாம் கட்டில் காலி.

அது இன்னாசியுடையது.
எட்டு மாதம் எங்களோடு இருந்து
குடியை விட்டு, இரண்டு பல் கட்டி,
விசைப்படகு ஒன்றில் நாலாவது ஆளாய்ச் சேர்ந்தவன்.
தங்கச்சிமடத்தில் அறை பார்த்து வைத்திருந்தோம்.
கக்கூஸ் பொது, முன்பணம் ஐயாயிரம்.
மூவாயிரத்து நானூறு சேர்ந்திருந்தது.
பதினோரு நாளைக்கு முன்னால்
டோக்கன் வாங்கிப் போன படகை
அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மற்ற மூன்று பேருக்கும்
போட்டோவைப் பிடித்துக்கொண்டு
கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க வீட்டில் ஆள் உண்டு.
இன்னாசியின் முகவரி எங்கள் கதவு எண்தான்.
மனுவில் 'உறவுமுறை' என்ற இடத்தில்
'விடுதிக் காப்பாளர்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
போகிற அன்றைக்குக் கேட்டான்:
"எடத்த யாருக்கும் குடுத்துறாதீக, என்ன?"
சரி என்றேன்.
எல்லாருக்கும் சொல்கிற சரி அல்ல அது.

ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை,
முணுமுணுத்துக்கொண்டே திருப்பிப் போனார்.
பூமயிலை அந்தப் பக்கம் விட்டுவிட்டுக்
காயாம்புவைத் தாங்கிப்போய்ப் பதினேழில் உட்காரவைத்தேன்.
தலையணைக்கு அடியில் ஒரு சீப்பு,
ஒரு மாதா படம், பீடிக்கட்டில் மிச்சம் மூன்று.
அவசரமாய் எடுக்கப் போன என் கையைப் பார்த்து
"ஆள் இருக்காகளோ?" என்றார்.
"கடலுக்குப் போயிருக்காரு."
"எப்ப வருவாக?"
போர்வையை உதறி மடித்தேன்.
ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

பேரேட்டில் இன்னாசியை அடிக்கவில்லை.
அதே கட்டத்தில், அவன் பெயருக்குக் கீழே,
சின்ன எழுத்தில் இவர் பெயர்.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்,
ஒரு கட்டிலில் எப்படி இரண்டு பேர் என்று.
கேட்கட்டும்.

மூன்று மணிக்குச் சுற்றி வந்தபோது
சுவருக்கு அந்தப் பக்கம் பூமயில் இருமினாள்.
கொஞ்சம் பொறுத்து
இந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு இருமல்.
காயாம்பு கட்டில் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தார்,
கொஞ்சம் புரண்டால் விழுந்துவிடுவார்.
மறுபாதியில் சீப்பும் மாதாவும்.
பீடியைக் காணோம்.

விடிந்ததும் தங்கச்சிமடத்துக்குப் போன் போட வேண்டும்,
அந்த அறை இன்னும் காலியா,
ஜோடிக்குக் கொடுப்பார்களா என்று.
இன்னாசி வந்து நின்றால் என்ன சொல்வது,
அதையும் யோசித்து வைக்க வேண்டும்.