கமரா மூன்று

காலையில் இருந்து சுவரில் நாலு ஓட்டை போட்டாச்சு.
உடுவிலில் கல்மதில் வளவு, பூட்டின வீடு.
வீட்டுக்காரர் குமாரதேவன் ஒஸ்லோவில்.
வட்ஸ்அப்பில் முகம் மட்டும்,
பின்னால் பஸ் டிப்போ, விடியாத பனி, கம்பளித் தொப்பி.
“தம்பி, வருதோ?”
“இன்னும் இல்லை அண்ணை.”

பெட்டியில் பச்சை லைற் எரியுது. றவுட்டரிலும் எரியுது.
இரண்டுக்கும் நடுவில் ஓடுற வயரும் சுகம்.
திரையில் மட்டும் ‘தொடர்பில் இல்லை’.
முதல் போர்ட் திறந்து பார்த்தன், சரிவரேல்லை.
சிம் போட்ட றவுட்டருக்குச் சொந்த முகவரி கிடையாது,
ஒரே இலக்கத்தில் அரைவாசி ஊர் குடியிருக்குது.
வெளியில் நின்று கூப்பிட்டால்
ஆர் எழும்பி வாறது?

வழியை மாத்தினன்.
இவர் உள்ளுக்கு வரவேண்டாம்,
பெட்டி வெளிக்கிட்டுப் போய்
எங்கேயோ ஒரு சேர்வரின் வாசலில் நிக்கட்டும்,
இவரும் அங்கை வந்து கேட்கட்டும்.

“பாஸ்வேட் ஒன்று சொல்லுங்கோ.
பெட்டியோடு வந்தது ஒன்றில் இருந்து ஆறு வரைக்கும்,
கள்ளனுக்கும் பாடம்.”
பழைய சைக்கிளின் நம்பர் சொன்னார்.
‘பலவீனமானது.’
மகளின் பெயரைச் சேர்த்தார்.
‘நடுத்தரம்.’
பிறகு ஒரு திகதி சொன்னார், வருசத்தோடு.
ஏன் அந்தத் திகதி என்று நான் கேட்கேல்லை.
‘வலிமையானது.’

படம் வந்தது.
ஒன்று கேற்று, இரண்டு விறாந்தை, நாலு பின்கதவு.
“மதில் பூச்சு உரிஞ்சிருக்கே. ஆற்றை சைக்கிள் அது?”
“என்ரை அண்ணை.”
மூன்று: கிணத்தடி.

வீடு பார்க்கிற பவளராணி அக்கா
பிளேன்ரீ கொண்டுவந்து வைச்சா.
“ராவிலையும் தெரியுமோ?”
“தெரியும். கறுப்பு வெள்ளையா.”
“எவ்வளவு தூரம்?”
“முப்பது மீற்றர்.”
அவ கிணத்தடியைப் பார்த்தா.
கொடியில் அவவின்ரை பாவாடை, மகளின் பள்ளிச் சட்டை.
வேறை ஒன்றும் கேட்கேல்லை, சீனிப் போத்தலை மூடினா.

ஒருகாலம் இந்த ஒழுங்கை முகப்பில்
மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து பார்த்தவை.
அவைக்குப் பாஸ்வேட் தேவைப்படேல்லை.

செற்றிங்கில் ஒரு வசதி இருக்குது, ஒருத்தரும் தொடுறதில்லை.
விரலால் ஒரு சதுரம் கீறினன்,
கிணத்துக்கட்டில் இருந்து தண்ணித்தொட்டி தாண்டி, கொடி வரைக்கும்.
அவ்வளவும் கறுப்பு.

“தம்பி, மூன்றில் என்ன இருட்டு? கமரா பழுதோ?”
சிக்னல் பிரச்சினை என்று சொல்லலாம், வாயில் ஆயத்தமாய் இருந்தது.
“இல்லை அண்ணை. அங்கை அக்காவும் பிள்ளையும் குளிக்கிறவை.”

கனநேரம் சத்தம் இல்லை.
இணைப்பு விட்டுப்போச்சோ என்று பார்த்தன்,
நாலு கோடும் இருந்தது.
“அந்தப் பக்கத்தால ஆரும் ஏறி விழுந்தால்?”
“விறாந்தைக்கு வரத்தானே வேணும். இரண்டில் படுவான்.”
“ம்.”
பின்னால் ஒரு பஸ் ஸ்ராட் ஆகிற சத்தம்.
“சரி, விடும்.”

கடைசி வேலை
என்ரை போனில் இருந்து இந்த வீட்டை எடுக்கிறது.
முதலாளி சொல்லுவார், வைச்சிரடா, பிறகு பழுதெண்டால் லேசு.
கொக்குவில், சுன்னாகம், மானிப்பாய்…
பதினேழு வீட்டுக் கேற்று
இப்பவும் என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை.
கரண்ட் போனால்தான் அதுகள் கண்ணை மூடுறது.

ஏணியைச் சைக்கிளில் கட்டி, கேற்றைச் சாத்தி,
ஒழுங்கைக்கு வந்து போனைப் பார்த்தன்.
‘இந்தச் சாதனத்தை நீக்கவா?’
திரையில் நான் இன்னும் வளவுக்குள்ளை,
மூன்று நாலு செக்கன் பிந்தி,
கொளுக்கியைத் தேடிக்கொண்டு நிக்கிறன்.
அவன் வெளியில் வருமட்டும் பொறுத்தன்.
வந்தான். கேற்றைச் சாத்தினான்.

நீக்கினன்.